மவுறீனைக் காசாக்குதல்

அத்தியாயம் பதினான்கு

'மனிடைஸ்' என்ற சொல் அந்த வீட்டுக்குள் முதன்முதலாக வந்த நாளில், அது ஏதோ மரண அறிவித்தல் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

கொரோனா ஊரடங்கு தளர்ந்து பஸ் ஓடத் தொடங்கியிருந்த காலம். குசினிக்குள் மவுறீன் றால் உரித்துக்கொண்டிருந்தாள். போனும் கையுமாக அஷ்லி துள்ளிக்கொண்டு ஓடிவந்தாள்.

"மமா! எங்கட சனல் மனிடைஸ் ஆகிட்டு!"

பக்கத்தில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த, அஷ்லியின் டடாவுடைய தங்கை இவோன் அன்ரி, கத்தியைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சில் கை வைத்தாள். கொன்வென்டில் படித்த இங்கிலீசை அவளும் மறந்ததில்லை, மற்றவர்களை மறக்க விட்டதும் இல்லை.

"மனி எண்டா காசு. டைஸ் எண்டா சாகிறது. காசு சாகுதாம் மவுறீன்! பேங்கில கிடந்ததெல்லாம் போயிட்டு போல!"

றால் மணக்கும் கையாலேயே மவுறீன் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு அஷ்லி சிரித்துச் சிரித்து விளக்கம் சொன்னாள். மமா சமைக்கிற வீடியோவுக்கு நடுவில் விளம்பரம் போடுவார்கள், அதில் எங்களுக்கும் ஒரு பங்கு தருவார்கள், அவ்வளவுதான்.

"அப்ப யாவாரம் எண்டு சொல்லன், புள்ள. அதுக்கேன் சாவீட்டுப் பேரு?" என்றாள் இவோன் அன்ரி.

மவுறீன் கையிலிருந்த றாலைச் சட்டிக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். பிறகு, "அப்ப நானும் உழைக்கிறன் எண்டு சொல்லு" என்றாள்.

அந்த முகத்தை அஷ்லி இன்றைக்கும் மறக்கவில்லை. பஸ் டிப்போவில் டடா உழைத்தார், வீட்டில் மமா சமைத்தாள் என்றுதான் ஊர் கணக்கு வைத்திருந்தது. மூன்று நேரமும் அடுப்படியில் நின்று வேகிறவளை உழைக்கிறவள் என்று எந்த ஊரில்தான் சொல்லியிருக்கிறார்கள்? அன்றைக்குப் பின்னேரம் மவுறீன் புது கவுன் ஒன்றைப் போட்டுக்கொண்டு கல்லடிப் பாலத்தில் நடந்து போய்வந்தாள். எதிரில் வந்த ஒவ்வொருவரிடமும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், "நான் இப்ப உழைக்கிறன்" என்று சொன்னாள்.

அந்த மவுறீன் இறந்து போய் இரண்டு மாரிக்காலம் கழிந்துவிட்டது. 'மவுறீன்ட குசினி' சனல் மட்டும் போகவில்லை. கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற ஊர்ப் பிள்ளைகள் இன்னும் அவளைப் பார்த்து நண்டுக்கறி வைக்கிறார்கள். மாதாமாதம் அஷ்லியின் கணக்குக்கு ஏதோ வந்து விழுகிறது. ஒரு கடை திறக்கிற அளவுக்கு அது காணாது. பாலத்தடியில் வெறுமனே பூட்டிக் கிடக்கிற அந்தச் சின்னக் கடையை, பஸ்ஸில் போகும்போதெல்லாம் தாயும் மகளும் எட்டிப் பார்த்தது போன வாரங்களில் படித்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கடை அஷ்லியின் நெஞ்சுக்குள் இன்னும் பூட்டிக்கொண்டுதான் கிடக்கிறது.

அதற்குத் திறப்போடு வந்தவன்தான் உதயரூபன். கொழும்பில் ஒரு கறித்தூள் கம்பனியில் வேலை செய்கிற செங்கலடிப் பொடியன். சனலையும் மவுறீனின் பெயரையும் கம்பனி வாங்கிக்கொள்ளும் என்று போன கிழமை போனில் சொன்னான். அஷ்லி ஓம் என்றாள். டடா அலோசியஸ் ஏலாது என்றார். அப்பனும் மகளும் ஒரு கிழமையாக ஒரே மேசையில் இருந்து முகம் பார்க்காமல் சாப்பிட்டார்கள்.

அந்த உதயரூபன்தான் இந்தச் சனிக்கிழமை காலை, கையில் லப்டொப்போடு வாசலில் வந்து நின்றான்.

"வாங்க தம்பி" என்றாள் அஷ்லி.

"வந்தது வந்திட்டீங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றாள் இவோன் அன்ரி. வா என்பதையும் போ என்பதையும் ஒரே மூச்சில் சொல்ல அவளால்தான் முடியும்.

அலோசியஸ் யன்னலோரக் கதிரையில், மவுறீனின் பழைய போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அவருக்கு இப்போது அதுதான் வேலை. அவள் சமைப்பதைப் பார்ப்பார். சட்டி மூடியைத் திறக்கப் போகிற நேரம் பார்த்து ஷாம்பு விளம்பரம் வரும். அதைத் தள்ளிவிடுகிற பொத்தானை மட்டும் எப்படியோ பழகிவைத்திருந்தார். போனில் அவருக்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான்.

அவருக்கு வேறு படமும் இல்லை. கடலோரம் டச்பாரில் இருந்த வீட்டை, நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் சுனாமிக் கடல் வந்து வழித்துக்கொண்டு போனபோது, கலியாணப் படம் முதல் அஷ்லியின் ஞானஸ்நானப் படம் வரை எல்லாம் போய்விட்டன. அந்த வீட்டு நத்தார்கள் இப்போதும் அஷ்லியின் கண்ணுக்குள் நிற்கும். வாசலில் வயலின் சத்தம் கேட்கும். பக்கத்து வீட்டார் எல்லோரும் வந்து நிற்பார்கள். நீலக் கவுனும் வெறுங்காலுமாக மமா ஆடுவாள், சப்பாத்துப் போட்ட டடா அவள் காலை மிதித்துவிட்டு ஏச்சு வாங்குவார். அந்த மவுறீனைக் காட்ட இந்த உலகத்தில் ஒரு துண்டுக் கடதாசி கிடையாது. இருப்பதெல்லாம் அஷ்லி எடுத்த குசினி மவுறீன் மட்டும்தான்.

உதயரூபன் தேத்தண்ணியைக் குடித்தான். மெதுவாகக் கதையைத் தொடங்கினான்.

"அங்கிள், உங்களுக்கு இது பிடிக்காது எண்டு அக்கா சொன்னவ. இது அன்ரியை விக்கிற வேலை இல்ல. அன்ரி விட்டிட்டுப் போன மரபை ஒரு வருமான மூலமா மாத்திறம், அவ்வளவுதான்."

"வருமான மூலம்" என்று இவோன் அன்ரி சொல்லிப் பார்த்தாள். "எனக்குத் தெரிஞ்ச மூலம் வேற."

அஷ்லி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"எந்தப் பேரில சொன்னாலும் அது காசாக்கிறதுதான் தம்பி" என்றார் அலோசியஸ். "பழைய பஸ்ஸக் கழட்டிக் காசாக்கினா எனக்கு விளங்கும். பொஞ்சாதிய எப்பிடிக் காசாக்கிற?"

"டடா, மமாவுக்கு உழைக்க விருப்பம். உங்களுக்கும் தெரியும்."

"உயிரோட இரிக்கக்குள்ள உழைச்சா. நான் ஒண்டும் சொல்லலியே. செத்த பிறகும் அவ உழைக்கணுமா?"

அஷ்லியிடம் பதில் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் குரல் உயரும் என்று தெரிந்ததால் விழுங்கிக்கொண்டாள். மமா கேட்டால் ஓம் என்றுதான் சொல்லியிருப்பாள். ஓம் என்று சொல்லிவிட்டு கவுனும் மாற்றியிருப்பாள். தாயைப் பற்றி அவளுக்குத் தெரியாதா?

உதயரூபன் லப்டொப்பைத் திறந்தான்.

"ஒரு சாம்பிள் கொண்டு வந்திரிக்கன். பழைய வீடியோக்கள வச்சே அன்ரிட குரலில புதுசாப் பேச வைக்கலாம். விளம்பரத்துக்கு இதுதான் முக்கியம். கேட்டுப் பாருங்க."

குரலைப் பற்றி அவன் அஷ்லியிடமும் இதுவரை சொல்லியிருக்கவில்லை. அவள் ஏதோ கேட்க வாயெடுப்பதற்குள் பொத்தானை அழுத்திவிட்டான்.

"வணக்கம் பிள்ளைகள், நான் உங்கட மவுறீன். கொஞ்சம் உப்புப் போட்டு, கொஞ்சம் கறித்தூள் போட்டு, நல்லாப் பிரட்டிவிடுங்க."

இவோன் அன்ரியின் கையிலிருந்த தட்டம் நழுவிச் சீமெந்துத் தரையில் சுழன்றது. அஷ்லிக்கு உடம்பு முழுக்கச் சிலிர்த்துப்போனது. அது மமாதான். சளி கட்டினாற்போல அடியில் கரகரக்கிற அந்தக் குரல், 'பிரட்டி'யில் நாக்கு புரளுகிற அந்த விதம், எல்லாம் அப்படியே இருந்தது. கண்ணீர் தானாக வந்தது. அழுகையா, பயமா, சந்தோசமா என்று பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை.

முதலில் தேறியது இவோன் அன்ரிதான்.

"மவுறீன் எப்ப கொஞ்சம் எண்டு சொன்னவ? ஒள்ளுப்பம் எண்டுதானே சொல்லுவா. ஒள்ளுப்பம் உப்பு, ஒள்ளுப்பம் புளி."

"மத்த ஊர் ஆக்களுக்கு அது விளங்காது அன்ரி. அதுதான் மாத்தினாங்க."

"விளங்காட்டி விட்டிடச் சொல்லு. இவளவு காலமும் விளங்காமலா கறி வச்சவங்க?"

அலோசியஸ் எழும்பிக் கத்துவார், லப்டொப்பை மூடு என்பார் என்றுதான் அஷ்லி காத்திருந்தாள். அவரோ கதிரையை இழுத்துக்கொண்டு லப்டொப்புக்குக் கிட்டப் போனார்.

"தம்பி, இத வேற என்னவும் சொல்ல வைக்கலாமா?"

"என்னத்தையும் சொல்ல வைக்கலாம் அங்கிள்."

"அவ சொல்லாததையும்?"

"ஓம் அங்கிள். எழுதிக் குடுத்தாச் சரி."

அலோசியஸ் எழும்பினார். "ஒருக்கா வெளிய வாங்க" என்று உதயரூபனைக் கூட்டிக்கொண்டு முற்றத்துக்குப் போனார். யன்னலால் பார்த்தாள் அஷ்லி. உதயரூபன் வந்த மோட்டார் சைக்கிளடியில் நின்று டடா ஏதோ சொன்னார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு, பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்கிறவர் மாதிரிச் சொன்னார். உதயரூபன் தலையாட்டினான், பிறகு போனில் எதையோ குறித்துக்கொண்டான்.

உள்ளே வந்த அலோசியஸ் மேசையில் கிடந்த கடதாசிகளைத் தன் பக்கம் இழுத்தார்.

"எங்க வைக்கணும்?"

"என்ன டடா?"

"கையெழுத்து."

ஒரு கிழமையாக அஷ்லி கெஞ்சாத கெஞ்சல் இல்லை. இப்போது அவர் தானாகவே பேனையை எடுக்கிறார். இல்லாத படியில் கால் வைத்த மாதிரி அவளுக்கு ஒரு கணம் ஏதோ செய்தது. ஆனாலும் பாலத்தடிக் கடை கண்ணுக்குள் வந்து நின்றது. அவளும் கையெழுத்து வைத்தாள்.

"அண்ணா, உங்களுக்கு என்ன பிடிச்சது?" என்று இவோன் அன்ரி கேட்டாள். அலோசியஸ் கடதாசிகளை அடுக்கி உதயரூபனிடம் நீட்டினார்.

"இண்டைக்கு செங்கலடியில அம்மா வீட்ட நிப்பன் அக்கா. நாளைக்கு பேப்பர் கொழும்புக்குப் போகும்" என்று சொல்லிவிட்டு உதயரூபன் புறப்பட்டான். படலையைத் தாண்டும்போது அலோசியஸைத் திரும்பிப் பார்த்து, "பின்னேரத்துக்குள்ள வந்திரும் அங்கிள்" என்றான்.

என்ன வரும் என்று அஷ்லி கேட்டாள். "ஒண்டுமில்ல" என்றார் டடா.

அதன் பிறகு வீடு ஒரு மாதிரியாக இருந்தது. மத்தியானம் அஷ்லி மமாவின் கணக்கில் றால் கறி வைத்தாள். அலோசியஸ் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் யன்னலோரம் போனார். ஆனால் இன்றைக்கு அவர் வீடியோ ஒன்றும் பார்க்கவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு இருக்கிற அந்தப் பரபரப்பு அவர் முகத்தில் இருந்தது. வாவிப் பக்கத்துக் காற்று யன்னல் திரையைத் தூக்கித் தூக்கி அவர் முகத்தில் போட்டது. அதைக்கூட விலக்கவில்லை.

நான்கு மணிபோல போன் 'டிங்' என்றது.

"மகள்!" அலோசியஸின் குரல் ஒருபோதும் இல்லாத மாதிரி உயர்ந்தது. "இஞ்ச ஒருக்கா வாங்க. இத எப்பிடித் திறக்கிற?"

அஷ்லி வந்து பார்த்தாள். உதயரூபனிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்திருந்தது. அவள் விரலை வைத்தாள்.

மமாவின் குரல் சொன்னது: "அலோசியஸ், எழுந்திருங்கள். தேநீர் ஆறிவிடப் போகிறது."

காலையில் மோட்டார் சைக்கிளடியில் டடா கேட்டது இதைத்தான்.

அஷ்லி அப்படியே கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்திவிட்டாள். தான் பிறந்த நாளிலிருந்து ஒவ்வொரு விடியலிலும் அந்த வீட்டில் கேட்ட சத்தம் அது. "அலோ, எழும்பு! தேத்தண்ணி ஆறுது!" என்று குசினியிலிருந்து மமா குரல் கொடுப்பாள். டச்பார் வீட்டிலும் அப்படித்தான். கடல் வந்த பிறகு கூடாரத்தில் இருந்த நாட்களிலும் அப்படித்தான். அலோ, தேங்காய் துருவினியா? அலோ, அந்தப் பூனைய ஒருக்கா விரட்டு. ஒரு நாளைக்கு நூறு அலோ.

அந்த நூறும் அவளுடைய வீடியோக்களிலும் இருந்தன. ஒரு காலத்தில்.

சனல் தொடங்கிய புதிதில் ஒருத்தி கீழே எழுதினாள், 'புருசனை நீ, வா என்று கூப்பிடும் பொம்பிளையிடமா சமையல் பழகுவது' என்று. அதற்குக் கீழே இன்னும் முப்பது பேர் வந்து ஏறினார்கள். மமாவை யாரும் ஒரு சொல் சொல்வதை அஷ்லியால் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு வீடியோவிலும் அந்த இடங்களைத் தேடித் தேடி வெட்டினாள். பழைய வீடியோக்களையும் இறக்கி, வெட்டி, மறுபடி போட்டாள். சனம் கூடிக்கொண்டே வந்தது, அலோ குறைந்துகொண்டே போனார். போனில் இடம் நிறைந்தபோது, வெட்டாமல் வைத்திருந்ததையும் அழித்துவிட்டாள். காசாகாத துண்டுகள்தானே என்று அப்போது தோன்றியது.

அதனால்தான் டடா நாள் முழுக்க அந்தப் போனோடு இருந்தாரா? நூற்றுக்கணக்கான வீடியோக்களுக்குள் தன்னைக் கூப்பிடுகிற ஒரு இடத்தைத் தேடிக்கொண்டா?

"எழுந்திருங்களாம்" என்றாள் வாசலில் நின்ற இவோன் அன்ரி. "தேநீராம். செத்தாப்பிறகு மவுறீன் தமிழ்ப் பண்டிதையா வந்திரிக்கா." பகிடியாகத்தான் தொடங்கினாள். முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது.

அலோசியஸ் தலையை மெதுவாக ஆட்டினார்.

"இது அவ இல்ல" என்றார்.

அஷ்லிக்கு மூச்சு வந்தது. ஆண்டவரே, நல்ல காலம். கடையும் வேண்டாம், கம்பனியும் வேண்டாம். அவர் வாயால் அந்த ஒரு சொல் வந்ததே போதும். இப்போதே செங்கலடிக்குப் போன் போட்டு, அந்தக் கடதாசியைக் கிழித்துவிடு என்று சொல்லலாம்.

"அதுதான் டடா, நானும்..."

"அவ என்னை அலோசியஸ் எண்டு ஒருநாளும் கூப்பிட்டதில்ல, புள்ள. கோயிலில மோதிரம் மாத்தக்குள்ள ஃபாதர் சொல்லச் சொல்லி ஒருக்காச் சொன்னா. அவளவுதான்." அவர் போனை அவளிடம் நீட்டினார். "அந்தத் தம்பிக்கு எழுது. அலோ எண்டு சொல்லணும். எழும்பு எண்டு சொல்லணும். 'ங்க' போடக்கூடா. ஒள்ளுப்பம் கோவமாச் சொல்லணும். ரெண்டாந்தரம் கூப்பிடக்குள்ள அவக்குக் கோவம் வரும்தானே? அத அவனுக்கு விளங்கப்படுத்து."

அஷ்லி அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை, வெட்கமும் இல்லை. பசித்த பிள்ளையின் முகம் அது.

"கடவுளே" என்றாள் இவோன் அன்ரி. "மவுறீனக் காசாக்கப் போறம் எண்டு வந்தாங்க. இப்ப பாரு, அவனுகள் காசாக்கினது என்ட அண்ணன."

"வேணாம் டடா" என்றாள் அஷ்லி. இன்றைக்குக் காலை வரைக்கும் இந்தச் சொல் அவருடையதாக இருந்தது. "நான் கேட்டிரிக்கக்கூடா. பேப்பரத் திருப்பிக் கேப்பம். கடை இல்லாட்டிப் பரவால்ல, நான் வேற வழி பாத்துக்குவன். மமா இவளவு காலமும் உழைச்சது காணும்."

அலோசியஸின் கை அந்தப் பழைய போனின் கீறல் விழுந்த கண்ணாடியைத் தடவிக்கொண்டிருந்தது.

"பேப்பரத் திருப்பிக் கேட்டா, இதச் செய்து தருவாங்களா?"

அஷ்லி பொய் சொல்ல நினைத்தாள். ஏலவில்லை.

"தரமாட்டாங்க டடா."

"அப்ப கேக்காத, மகள்."

இவோன் அன்ரி முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். அஷ்லி நிலத்திலேயே இருந்தாள். தாயின் குரலை விற்றாகிவிட்டது. அதைத் திருப்பி வாங்கினால் தகப்பனிடமிருந்து அதைப் பறித்ததாகிவிடும். இரண்டு பக்கமும் அடைத்த சந்துக்குள் போய் நின்றுகொண்டு, யாரைத் திட்டுவது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் அவளுடைய போன் அடித்தது. உதயரூபன். எடுக்காமல் விடலாமா என்று பார்த்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பி, குசினி வாசலடிக்குப் போய் நின்று காதில் வைத்தாள். அழுத தொண்டை கரகரத்தது.

"அலோ?" என்றாள்.

யன்னலோரத்தில் அலோசியஸ் சட்டென்று தலையை நிமிர்த்தினார்.

"என்ன மவுறீன்?" என்றார்.

அஷ்லியின் காதுக்குள் உதயரூபன், "அக்கா, அங்கிளுக்குப் பிடிச்சுதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான்.